பதினேழாவது ஜோடி

பேராலயத்தின் ஆண்டு விழாத் திருப்பலிக்கு
ஐம்பது வருஷ மணவாழ்வு கண்டவர்களை
அழைக்க வேண்டும் என்றார் பங்குத்தந்தை.
பதிவேட்டைப் புரட்டிக்
கடிதங்களை எழுதியது நான்.

திருமணப் பதிவேட்டில்
இறந்தவரைக் குறிக்க ஒரு பத்தி உண்டு.
வீட்டை விட்டுப் போனவரைக் குறிக்க
இடம் கிடையாது.

அதனால்தான்
நெவென்கா மாருஷிச்சுக்கும்
ஓனோஃப்ரே ஓயார்சோவுக்கும்
ஒரே உறையில் போனது கடிதம்.
பத்தொன்பது வருஷமாய்
அவள் குன்றுத் தெருவில்,
அவர் துறைமுகத்துக்குப் பின்னால்
படகுக்குச் சாயம் அடிப்பவனின் மாடியறையில்.
ஊருக்கே தெரிந்த சேதி.
வடக்கிலிருந்து வந்து நாலு வருஷம் ஆன எனக்கு
யாரும் சொல்லவில்லை.

அவள் படித்தாள்.
உறையை மறுபடி ஒட்டி
தன் விலாசத்தை அடித்து அவருடையதை எழுதி
தன் காசில் தபால்தலை வாங்கினாள்.
இதை எனக்குச் சொன்னது தபால்காரர்,
விழா முடிந்த பிறகு.

நவம்பர்.
மகெல்லன் ஜலசந்தியிலிருந்து
காற்று ஏறி வரும் மாதம்.
விடியும்முன்பே நகராட்சி ஆட்கள்
சதுக்கத்து முனைகளில் கயிறு கட்டிவிட்டார்கள்,
ஜனங்கள் பிடித்து நடக்க.
மரியன்னை சபைப் பெண்கள்
கோயில் வடிவில் செய்த கேக்கை
நாலு பேர் சுமந்து வந்தார்கள்.
கோபுரம் மட்டும் பின்னால் தனியாக,
ஒரு சிறுமியின் தொப்பிக்குள்.

ஆயர் முப்பத்தெட்டு நிமிஷம் பேசினார்.
கூரைத் தகரம் அதற்குமேல் பேசியது.
பிறகு,
'கைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்' என்றார்.

பதினாறு ஜோடி பிடித்துக்கொண்டது.
டோனா ப்ரீகிடாவின் கணவருக்குக் காது கேட்கவில்லை;
அவள் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டாள்.
பதினேழாவது ஜோடி
பெஞ்சின் இரண்டு ஓரத்தில்.
நடுவே அவள் கைப்பை, அவர் தொப்பி.
இன்பத்திலும் துன்பத்திலும் என்ற இடத்தில்
அவர் சில்லறை எண்ணுபவரைப்போல் உதட்டை அசைத்தார்.
அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள்,
துடைத்தாள்,
வாக்குறுதி முடியும்வரை துடைத்தாள்.

ஜோடிக்கு ஒரு சான்றிதழ், சட்டம் போட்டது.
இரண்டாக அச்சிட எனக்குத் தோன்றியிருக்கவில்லை.
பங்குத்தந்தை அதை நீட்டியபடி நின்றார்,
ஏலம் போடுகிறவர் மாதிரி.
அவள் எழுந்து வாங்கி
கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

வாசலில் நின்று நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.
மேலே பார்த்ததாய் யாராவது சொன்னால்
அது அவர்கள் பாடு.
கயிற்றை ஒரு கையால் பிடித்து அவள் இறங்கினாள்.
சட்டம் பாய்மரமாகி
அவளைத் தெருவுக்குள் தள்ளிற்று.
ஓரடி பின்னால்
அதே கயிற்றைப் பிடித்து வந்த அவர்
சட்டத்தின் மூலையைப் பற்றினார்.
அவள் திரும்பவில்லை.
பிடியை மட்டும் தளர்த்தினாள்.
இரண்டு முனை தூரம்
ஒருவர் இழுத்தால் மற்றவர் கைக்குத் தெரியும் கயிற்றில்
அப்படியே போனார்கள்.
வங்கிச் சுவரோடு கயிறு முடிந்தது.
அவள் இடப்பக்கம். அவர் வலப்பக்கம்.
சான்றிதழ் வலப்பக்கம் போயிற்று.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்தார்,
தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு.
இன்னொரு பிரதி கிடைக்குமா?
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
குன்றுத் தெரு ஏற்றம், என்றார் அவராக,
தபாலில் போனால் கண்ணாடி உடையும்.

அச்சிட்டுக் கொடுத்தேன்.
அவர் போனதும் பதிவேட்டைத் திறந்தேன்.
ஓரத்தில் குறிப்புகளுக்கென்று
விரற்கடை அகலத்தில் ஒரு பத்தி;
ஐம்பது வருஷமாய் வெறுமை.
பென்சிலைச் சீவினேன்.
என்ன எழுதுவது?
விழா நாளின் தேதியைப் போட்டேன்.
அதன் கீழே:
காற்று, மணிக்கு நூற்றுப் பதினொரு கிலோமீட்டர்.